வர்த்தக சபைச் சந்தாவுக்கு என்ன கிடைத்தது? ஒரு சிறு ஏற்றுமதியாளரின் கணக்கு

திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய ஆண்டிலிருந்து ஒரு வர்த்தக சபையில் உறுப்பினராக இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "சபையில் சேர்ந்தால் கஸ்டம்ஸில் காரியம் நடக்குமா?" என்று கேட்கிறார்கள். நடக்கும்; ஆனால் அவர்கள் நினைக்கிற விதத்தில் அல்ல.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, ஏற்றுமதிக்குக் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரியைத் திருப்பித் தரும் ரீஃபண்டு முடங்கிய மாதங்களில்தான் சபையின் அருமை தெரிந்தது. கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் ஏற்றுமதி இன்வாய்ஸ் எண் இருக்கும்; விற்பனை விவரங்களுக்கான ஜி.எஸ்.டி. படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் வரி இன்வாய்ஸ் எண் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் கணினி 'எஸ்.பி.005' என்று பிழை காட்டும், பணம் நின்றுவிடும். சபைச் செயலர் உறுப்பினர்களைக் கூட்டி, "புலம்பலை எழுதாதீர்கள், எண்களை எழுதுங்கள்" என்றார். ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு, இரண்டு இன்வாய்ஸ் எண்கள் எல்லாம் ஒரே அட்டவணையில் சேர்ந்தன. சுங்க ஆணையருக்கு ஒரு பிரதி, டெல்லிக்கு ஒரு பிரதி. நாடு முழுவதும் இதே குரல் எழுந்தது. 2018 பிப்ரவரியில் மத்திய அரசின் சுங்க, மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டது: இரண்டு இன்வாய்ஸ்களையும் ஒப்பிடும் பட்டியலை ஏற்றுமதியாளர் கொடுத்தால், அதிகாரி சரிபார்த்து விடுவிக்கலாம். மார்ச்சில் சிறப்பு ரீஃபண்டு முகாம் நடந்தது. அட்டவணை கையில் தயாராக இருந்ததால் எங்களுக்கு வேலை சுலபமாயிற்று.

தனி ஆளின் சிக்கல் என்றால் கதையே வேறு. சரக்குகளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் 6111இல் வரும் குழந்தை உடை என்பது 86 செ.மீ. உயரத்துக்கு மிகாத குழந்தைகளுக்கானது. ஐரோப்பிய பையர்கள் (வாங்குபவர்கள்) லேபிளில் '86/92' என்று, அதாவது 86 முதல் 92 செ.மீ. உயரத்துக்கு என்று, போடச் சொல்கிறார்கள். ஒரு துறைமுகத்தில் அதிகாரி அந்த லேபிளைப் பிடித்துக்கொண்டார்: இந்த டி-ஷர்ட் குழந்தை உடைக்கான 6111ஆ, பொதுவான டி-ஷர்ட்டுக்கான 6109ஆ? ஏற்றுமதிக்குத் திருப்பித் தரும் சுங்க வரியான டிராபேக்கின் விகிதம் அந்த எண்ணைப் பொறுத்தது என்பதால் சரக்கு நின்றது. சபைக்கு ஓடினேன். "இது உங்கள் சரக்கின் வகைப்பாடு. காரணம் விளக்கும் எழுத்துப்பூர்வ ஆணை கேளுங்கள், ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது. அடுத்த சில மாதங்களில் வேறு உறுப்பினர்களுக்கும் அதே கேள்வி வந்தபோது, வர்த்தக வசதிக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் அதைச் சேர்த்தார்கள். மாதந்தோறும் கஸ்டம்ஸ் அலுவலகத்தில் நடக்க வேண்டிய இந்தக் கூட்டத்தில் சபைகளுக்கும், சி.எச்.ஏ. எனப்படும் சுங்க முகவர்களுக்கும் இடம் உண்டு. சொன்னதும் பதிலும் குறிப்பேட்டில் ஏறும். கேள்வி எழுந்தால் சரக்கை நிறுத்தாமல் சாம்பிள் எடுத்துக்கொண்டு அனுப்பலாம் என்று அங்கே முடிவாயிற்று. என் சரக்கு அதற்கு முன்பே தாமதமாகக் கப்பலேறிவிட்டது.

பெரிய கொள்கை விஷயங்களில் சபை தன் செல்வாக்கைக் கொஞ்சம் மிகைப்படுத்திக்கொள்கிறது. 2021இல் பஞ்சு இறக்குமதிக்கு விதித்த 11 சதவீத வரியை நீக்கச் சொல்லி ஆண்டுதோறும் மனு கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கூடுதல் வரி போட்ட சூட்டில், 19ஆம் தேதி முதல் அந்த வரிக்குத் தற்காலிக விலக்கு வந்தது. பிறகு டிசம்பர் இறுதிவரை நீண்டது. உடனே நன்றி அறிவிப்பு பேனர்கள் முளைத்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனாலும் அத்தனை ஆண்டு மனுக்கள் கோப்பில் கிடந்ததால்தான் அவசரத்தில் எடுக்க ஒரு கோரிக்கை தயாராக இருந்தது என்பதையும் மறுக்க மாட்டேன்.

சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. சபை தருவது சலுகையில்லாத வகை. வளைகுடா பையர்கள் கேட்பார்கள், கொடுக்கலாம். அதைக் காட்டி ஐக்கிய அரபு அமீரகத்தில் வரிச்சலுகை கேட்க முடியாது. 2022 மே முதல் நடைமுறையில் உள்ள இந்திய-அமீரக வர்த்தக ஒப்பந்தத்தின் சலுகைக்கான சான்றிதழ் வேறு, அதை வழங்க அங்கீகாரம் பெற்ற அமைப்புகளும் வேறு. புதியவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

குறை ஒன்று உண்டு. டெல்லிக்குப் போகும் குழுவில் எப்போதும் பெரிய ஆலைக்காரர்கள்தான். அவர்கள் கவலை யார்ன் விலை, எங்கள் கவலை நின்றுபோன ரீஃபண்டு. சிறு ஏற்றுமதியாளர்களுக்குத் தனித் துணைக்குழு கேட்டு நாங்கள் சிலர் கடிதம் கொடுத்திருக்கிறோம். இந்த ஆண்டுச் சந்தாவையும் கட்டியாயிற்று. விருது விழாவுக்கு நன்கொடை கேட்டு வந்த கடிதத்தை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.