ரேனியஸ், வென், ஒயிட்ஹெட்: ஊழியரை வளரவிட்டது யார்?

தன் கீழ் வேலை செய்பவர்களை வளரவிடாத போதகர் யாரும் தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொள்வதில்லை. "இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும்" என்பார். இல்லையென்றால், "எல்லாப் பொறுப்பையும் அவரிடம்தானே கொடுத்திருக்கிறேன்" என்பார். இரண்டையும் நம்பித்தான் சொல்வார். ஆனால் பத்து வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். உபதேசியார் அதே இடத்தில் நின்று அதே அறிவிப்பை வாசித்துக்கொண்டிருப்பார். உதவிப் போதகர் வேறு சபைக்குப் போயிருப்பார், அல்லது பக்கத்துத் தெருவில் ஒரு ஷெட் போட்டுத் தனியாக ஆராதனை தொடங்கியிருப்பார்.

வேண்டுமென்றே ஊழியரை அடக்கிவைத்த தலைவர்களை அலசிப் பயனில்லை. அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. உள்ளூர் ஊழியர் மேலே வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்ட மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரேனியஸ் பாளையங்கோட்டையில் இருந்தார், ஹென்றி வென் லண்டனில் இருந்தார், ஹென்றி ஒயிட்ஹெட் சென்னையில் இருந்தார். ஆசை ஒன்றுதான். கொடுத்த விதம் வேறு, விளைந்ததும் வேறு.

ரேனியஸிலிருந்து தொடங்கலாம். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர் அவர். சம்பளம் கொடுத்தது இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கம் (சி.எம்.எஸ்.). திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சபைகளை நடத்தியவர்கள் உபதேசிமார். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊர்களில் நிறுத்தி, பக்கத்தில் நின்றவர் ரேனியஸ். அவர்களில் தகுந்தவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கவேண்டும் என்றபோதுதான் சிக்கல் வந்தது. பட்டம் கொடுக்கும் உரிமை அத்தியட்சருக்கு (பிஷப்புக்கு) மட்டுமே என்பது இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் சட்டம். லுத்தரன் வழக்கப்படி மிஷனரிமாரே கொடுக்கலாம் என்பது ரேனியஸின் நிலை. அதோடு, இங்கிலாந்துத் திருச்சபையை விமர்சித்து அவர் எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835-ல் சங்கம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவர் ஆற்காட்டுப் பக்கம் போனார். உபதேசிமார் விடவில்லை, திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். ஊர்கள் ரேனியஸ் கட்சி, சங்கத்தின் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தன. 1838-ல் அவர் இறந்தபின் அவரோடிருந்த மிஷனரிமார் சங்கத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

தன் ஆட்களுக்காக வேலையையே இழந்த தலைவர் எத்தனை பேர் உண்டு? அந்த வகையில் மூவரில் எனக்கு அதிகம் பிடித்தவர் ரேனியஸ்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். உபதேசிமாரின் வளர்ச்சி ஒரு தனிமனிதரின் வழக்காக மாறிப்போனது. அவர் தோற்றால் அவர்களும் தோற்கவேண்டும். அவர் போனால் அவர்களுக்காகப் பேச ஆளில்லை. இன்றைக்கும் "எங்கள் ஐயர் (போதகர்) இருக்கிறவரை எங்களுக்குக் கவலையில்லை" என்று ஒரு சபையின் ஊழியர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். ஐயர் மாற்றலாகிப் போன மறுமாதம் அவர்களைப் பார்க்கவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரேனியஸோடு மோதிய அதே சங்கத்தில்தான் ஜான் தேவசகாயம் 1830-ல் உதவிக் குருவானார், 1836-ல் முழுக் குருவானார். கடாட்சபுரம் வட்டாரம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. சத்தமில்லாமல், விதிக்கு உட்பட்டு, ஒரு சின்ன வட்டாரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தவர் ஹென்றி வென். 1841 முதல் 1872 வரை சி.எம்.எஸ். செயலாளர். மிஷன் என்பது கட்டடம் கட்ட எழுப்பும் சாரம், சபை எழும்பியதும் பிரித்துவிட வேண்டும் என்ற கருத்து அவரைச் சுற்றி வளர்ந்ததுதான். தன் காலில் நிற்கும், தன்னைத் தானே ஆளும், தானாகவே பரவும் சபை: இந்த மூன்று அளவுகோல்களை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முதன்மையானவர். வெறும் பேச்சோடு நிற்கவில்லை. சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, 1822-ல் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்ட, இன்றைய நைஜீரியாவின் யொரூபா இனத்தவர் சாமுவேல் அஜாயி கிரவுதரை, 1864 ஜூன் 29 அன்று கேன்டர்பரி பேராலயத்தில் அத்தியட்சராக அபிஷேகம் பண்ண வைத்தார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க அத்தியட்சர்.

கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் ஓட்டைகள் தெரியும். கிரவுதருக்கு அதிகம் பழக்கமான இடம் யொரூபா நாடு. பைபிளை யொரூபாவில் மொழிபெயர்த்ததில் பெரும்பங்கு அவருடையது. ஆனால் அங்கே அபெயோகுட்டா நகரில் இருந்த ஹென்றி டவுன்சென்ட் போன்ற ஐரோப்பிய மிஷனரிமார் ஓர் ஆப்பிரிக்கருக்குக் கீழே வேலை செய்ய ஒப்பவில்லை. வென் அவர்களோடு மோதவில்லை, சுற்றிப்போனார். கிரவுதருக்குக் கொடுக்கப்பட்ட எல்லை, காகிதத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு வெளியே இருந்த மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும். நடைமுறையில் நைஜர் ஆற்றங்கரை நிலையங்கள். அங்கே போய்வர வியாபாரிகளின் நீராவிக் கப்பலை நம்பவேண்டும். பணம் லண்டனிலிருந்து வரவேண்டும். ஊழியர்களில் பலர் சியரா லியோனிலிருந்து வந்தவர்கள், அந்த மக்களின் மொழி அறியாதவர்கள். பட்டம் மிகப் பெரியது, கையில் இருந்த கருவி மிகச் சிறியது.

வென் 1873-ல் காலமானார். அதன்பிறகு லண்டனில் கிரவுதருக்காக அழுத்தமாகப் பேச அவரளவுக்கு யாருமில்லை. நைஜரின் கணக்கையும் நிர்வாகத்தையும் பார்க்க ஒரு நிதிக் குழு வந்தது. 1890-ல் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனரிமார் அந்தக் குழுவில் உட்கார்ந்து, கிரவுதரின் கண்முன்னாலேயே அவருடைய குருமாரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அதில் அவருடைய மகன் டான்டசனும் ஒருவர். ஒரு குருவை நிறுத்திவைக்கக் குழுச் செயலாளருக்கு ஏது அதிகாரம் என்று கிழவர் கேட்டார். சரியான கேள்விதான். அத்தியட்சரின் இடத்தில் குழு உட்கார்ந்துவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு பதிலில்லை. அவர் குழுவிலிருந்து விலகினார், 1891-ன் கடைசி நாளில் லாகோஸில் இறந்தார். அவருக்குப்பின் வந்த அத்தியட்சர் ஓர் ஆங்கிலேயர். ஆப்பிரிக்கர்களுக்குக் கிடைத்தது உதவி அத்தியட்சர் பதவி.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். கிரவுதரின் ஊழியர்கள்மேல் வந்த குற்றச்சாட்டுகள் எல்லாமே பொய்யல்ல. சிலர் தவறாக நடந்தார்கள். வருடத்தில் சில வாரம் மட்டும் கப்பலில் வந்துபோகும் ஒருவர் அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஆகவே விசாரணை வந்ததே தவறு என்று சொல்லமாட்டேன். அது அவர் வழியாக வந்திருக்கவேண்டும், அவரைத் தாண்டி வந்தது. நம் ஊர்ச் சபைகளில் இது தினமும் நடக்கிறது. ஞாயிறு பள்ளியை ஒரு அக்காவிடம் ஒப்படைத்திருப்பார்கள். ஓர் ஆசிரியர்மேல் புகார் வந்தால், அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போதகரே நேராக அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்துவிடுவார். மறுவாரத்திலிருந்து எல்லாரும் எதற்கும் போதகரிடமே போவார்கள். அக்காவுக்குப் பெயர் மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது ஒயிட்ஹெட். 1899 முதல் 1922 வரை சென்னையின் ஆங்கிலிக்கன் அத்தியட்சர். அவர் செய்ததை ஒரே வரியில் சொல்லலாம்: தன் எல்லையில் ஒரு துண்டை வெட்டி இன்னொருவரிடம் கொடுத்தார். அந்த இன்னொருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். இடம், நிஜாம் ராஜ்யத்தில் தோர்னக்கல். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பேராலயத்தில் அபிஷேகம். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர்.

கிரவுதரோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம். கண்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் எங்கே, தெலுங்கு நாட்டின் ஒரு மூலை எங்கே! ஆனால் அந்த மூலையில் அசரியாவுக்குச் சில சாதகங்கள் இருந்தன. முதலாவது, அது அவருக்குப் புதிய இடம் இல்லை. 1903-ல் அவரும் நண்பர்களும் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் பணித்தளம் அது. ஆளும் இங்கிருந்து, காசும் இங்கிருந்து, நிர்வாகமும் இங்கிருந்து. அத்தியட்சராகும் முன்பே, 1909 முதல் அங்கேயே மிஷனரியாக இருந்தார். லண்டனில் ஒருவர் மனது மாறினால் உடனே நின்றுபோகிற வேலை இல்லை அது. இரண்டாவது, எதிர்ப்பை ஒயிட்ஹெட் சுற்றிப்போகவில்லை. மிஷனரிமாரில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு, அதில் சாதியும் கலந்திருந்தது. அவர் பின்வாங்கவில்லை.  1924-ல் அசரியாவின் கீழ் 53 இந்தியக் குருமாரோடு 8 ஆங்கிலேயக் குருமாரும் வேலை செய்தார்கள்.

1935 வாக்கில் தோர்னக்கலில் இந்தியக் குருமார் சுமார் 250 பேர், கிராமங்களில் ஊழியர்கள் 2,000-க்கு மேல். ஒரு தலைவர் கொடுத்தது தங்கியதா என்று பார்க்க, பெற்றவர் எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்று எண்ணினால் போதும்.

அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிமாரிடம் "நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டது பலருக்கும் தெரியும். அந்தப் பேச்சை உருக்கமான மேற்கோளாக மட்டுமே பயன்படுத்துகிறோம். அவர் சொன்னது மிகவும் நடைமுறையான குறை: எங்களுக்காக உயிரையே கொடுக்கிறீர்கள், கூட உட்கார வைக்கமாட்டேன் என்கிறீர்கள். அதைக் கேட்டு அரங்கில் பலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகும் அவரைத் தள்ளிவைக்காமல், இரண்டே வருடத்தில் அத்தியட்சராக்கினார் ஒயிட்ஹெட். தன்னைப் போன்றவர்களைப் பொதுமேடையில் குறைசொன்ன ஊழியருக்கு அடுத்த பதவி உயர்வைக் கொடுக்கும் தலைவரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

சரி, ஒயிட்ஹெட்டின் வழி எல்லா இடத்திலும் பலித்ததா? இல்லை. தோர்னக்கலுக்கு 1912-ல் ஒரு தமிழர் அத்தியட்சரானார். அவரை அனுப்பிவைத்த திருநெல்வேலிக்கோ முதல் தமிழ்ப் பேராயர் (அத்தியட்சர்) வந்தது 1953-ல், ஏ. ஜி. ஜெபராஜ் காலத்தில். தென்னிந்தியத் திருச்சபை உருவாகி ஆறு வருடம் ஆனபிறகு. புதிய இடத்தில் உள்ளூர்க்காரரை நம்புவது சுலபம். பழைய, சொத்துள்ள, பெயர்பெற்ற இடத்தில் நம்புவது கஷ்டம். இப்போதும் கிளைச் சபையை இளம் போதகரிடம் கொடுப்பார்கள், தாய்ச் சபையின் பிரசங்க மேடையைக் கொடுக்கமாட்டார்கள்.

அப்படியானால் எது யாருக்கு? இருபது பேர் கூடும் சிறு சபையில், ரேனியஸ் மாதிரி ஆட்களுக்குத் தோள்கொடுத்து நிற்பது போதும் என்று தோன்றலாம். அங்கும் அதை விதியாக்கி எழுதிவைக்காவிட்டால் நீடிக்காது. தேவசகாயத்துக்குக் கடாட்சபுரம் ஒழுங்கான நியமனத்தில் கிடைத்தது. ரேனியஸின் உபதேசிமாருக்கு அவருடைய நல்ல மனதைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. பெரிய சபைகளும் திருமண்டலங்களும் விழுவது பெரும்பாலும் வென்னின் குழியில்தான். "இளைஞர் இயக்குநர்", "ஊழிய ஒருங்கிணைப்பாளர்" என்று பெயர்ப்பலகை பளபளக்கும். ஐந்நூறு ரூபாய் ரசீதுக்குப் பொருளாளர் கையெழுத்துக்காக மூன்று நாள் காத்திருப்பார் அந்த இயக்குநர். அதைவிட ஒரு தெருவின் வீட்டுக் கூட்டத்தையும், அதற்கு வருடத்துக்கு ஒரு தொகையையும், கூட யாரைச் சேர்த்துக்கொள்வது என்ற முடிவையும் சேர்த்து ஒருவரிடம் கொடுப்பது நல்லது. கணக்கைக் கட்டாயம் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். குறை தெரிந்தால் அவரை எதிரில் உட்கார வைத்துச் சொல்லுங்கள், திருத்துவதை அவரிடமே விடுங்கள். அவருக்குக் கீழே இருப்பவரை நீங்கள் நேராக அழைக்கவேண்டிய நிலை வந்தால், முதலில் அவரிடமிருந்து அந்தப் பொறுப்பை முறையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிறகு அழையுங்கள்.