நாலு வருஷமாக இடது பக்கம் இறங்கும் பை

"நாலு வருஷம் ஆச்சே, இன்னும் நல்லாத்தானே இருக்கு? நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்று போன வாரம் நண்பர் கேட்டார். மலையேறப் போகும்போதெல்லாம் என் முதுகில் அவர் பார்க்கிற அந்த 22 லிட்டர் பையைத்தான் கேட்டார். ஆமாம், இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் அந்தப் பையின் இடது தோள்வாரை இறுக்கிப் பிடிக்கும் பக்கிளை வெட்டி எடுத்திருந்தேன், கட்டைவிரலில் கத்தி கீறியிருந்தது. அதனால் பதில் நீண்டுவிட்டது.

முதலில் துணியைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் திட்ட ஆரம்பித்தால் அநியாயம். 100 டெனியர் நைலான் என்றதும் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர் கணக்கு. ஒன்பது கிலோமீட்டர் நூல் வெறும் நூறு கிராம்! வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பது நிழலாகத் தெரிகிறது. இதைக் கொண்டுபோய்ப் பாறையில் வைப்பதா என்று தயங்கினேன். ஆறு மாதத்தில் தயக்கம் போய்விட்டது, அப்புறம் பாறையில் தேய்க்காத நாளில்லை.

இரண்டாவது வருஷம் முள்ளில் மாட்டிச் சுண்டுவிரல் நக அளவுக்கு ஓட்டை விழுந்தது. இனி பிரிந்துகொண்டே போகும் என்று காத்திருந்தேன். ரிப்ஸ்டாப் நெசவில் கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடுகிறது இல்லையா, கிழிசல் அந்த வேலியைத் தாண்டவே இல்லை. உள்பக்கமாக ஒரு ஒட்டுத் துணி, அவ்வளவுதான். தோள்வார் பையோடு சேருகிற இடத்தில் தையல் ஓர் இழைகூட விடவில்லை. சுமை முழுக்க அங்கேதான் தொங்குகிறது என்பதால் இதற்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம்.

ஜிப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது வருஷம், மூடிய பிறகு பின்னாலேயே பிளந்துகொள்ள ஆரம்பித்தது. பல் தேயவில்லை, ரன்னர்தான் வாய் அகன்றிருந்தது. குறடால் லேசாக நெரித்தேன், கொஞ்ச நாள் ஓடியது. பிறகு தையல்காரர் ரன்னரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அடிப்பக்கம் உள்ளே பூசியிருக்கும் பாலியூரிதேன் பூச்சு செதில் செதிலாக உரிகிறது. அதற்குப் பையைக் குறை சொல்ல முடியாது. மழையில் நனைந்து வந்து, அப்படியே சுருட்டி அலமாரிக்குள் போட்டு, ஒரு மாதம் மறந்தவன் நான். ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தாங்காது.

சரி, இப்போது நாடாவுக்கு வருகிறேன்.

தோள்வாரின் கீழ்முனையில் ஏணிப்படி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பக்கிள். பையின் அடியிலிருந்து வரும் நாடா அதற்குள் வளைந்து நுழைந்து வெளியே வரும், நுனியைப் பிடித்து இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். வாங்கிய முதல் மாதத்திலிருந்தே இடது பக்கம் மட்டும் நழுவுகிறது. சட்டென்று அவிழ்ந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். இது ஓர் அடிக்கு ஒரு நூல் அளவு இறங்கும். அரை மணி கழித்து வலது தோள் மட்டும் ஏன் கடுக்கிறது என்று யோசிக்கும்போதுதான், பை ஒரு பக்கம் சாய்ந்து தொங்குவது உறைக்கும். இழு. மறுபடி அரை மணி. இழு. நாலு வருஷத்தில் எத்தனை தடவை இழுத்திருப்பேன் என்று கணக்குப் போட்டால் எனக்கே பைத்தியம் பிடித்துவிடும்.

தண்ணீர் பாட்டில் இடது பக்கம் இருப்பதால்தானோ என்று வலப்பக்கம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் இடதுதான் இறங்கியது. ஒரு நாள் இரண்டு நாடாவிலும் பக்கிளைவிட்டு வெளியே வரும் இடத்தில் ஒயிட்னரால் கோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஏறினேன். நின்று பார்த்தால் வலப்பக்கக் கோடு அரை விரல் நகர்ந்திருந்தது. இடப்பக்கக் கோடு பக்கிளுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து மூன்று விரல் தள்ளி நின்றது.

அப்புறம்தான் பக்கிளைக் கழுவி, நகத்தால் தடவிப் பார்த்தேன். வலது பக்கிளின் குறுக்குக் கம்பியில் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்ன மேடுகள், நாடாவைக் கடித்துப் பிடிப்பதற்காக. இடதில் தடவினால் வழவழவென்று இருந்தது. எடையைக் குறைக்கிறேன் என்று நாடாவை 15 மில்லிமீட்டருக்கு ஒடுக்கி, அதையும் மெலிதாக வழுக்குகிற நைலானில் கொடுத்துவிட்டார்கள். மேடும் இல்லையென்றால் எது பிடிக்கும்? நனைந்தால் கேட்கவே வேண்டாம். தயாரித்தவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். சாதாரணத் தேய்மானம், உத்தரவாதத்தில் வராது என்று பதில் வந்தது. முதல் மாதத்திலேயே தேய்ந்துவிட்டதாம்!

நாடாவில் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். நழுவவில்லை, ஆனால் இறக்கத்தில் தளர்த்தவும் முடியவில்லை. கடைசியில் குறுக்குக் கம்பியில் பிளவு உள்ள மாற்றுப் பக்கிள் ஒன்று வாங்கினேன். தையலைப் பிரிக்காமல் அந்தப் பிளவு வழியாகவே வளையத்தில் மாட்டிவிடலாம். முதலில் அவசரத்தில் 20 மில்லிமீட்டர் வாங்கித் தொலைத்தேன், நாடா உள்ளே கோணலாகி முன்னைவிட மோசம். சரியான அளவு வந்ததும் பழைய பக்கிளை வெட்டினேன். கட்டைவிரல் கதை அங்கேதான். புதியதை மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலு வருஷத் தொல்லைக்கு ஐந்து நிமிட மருந்து என்று தெரிந்தபோது சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர், "அப்போ நல்ல பைதான், பக்கிளை மட்டும் மாத்திட்டா போதும்ங்கிற?" என்றார். நியாயமான முடிவுதான். துணி, தையல், ஜிப் எல்லாவற்றையும் வைத்துக் கூட்டிப் பார்த்தால் எனக்கும் அதுதான் விடை. ஆனால் வாயில் வந்தது, "வாங்காதே." இன்னும் அதையேதான் சொல்கிறேன்.

நேற்று புதுப் பக்கிளோடு முதல் நடை. ஒயிட்னர் கோடு மறுபடியும் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்தும் இடது பக்கம் இம்மிகூட அசையவில்லை. வலது பக்கம் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது.