வந்த வழியே திரும்பும் வண்டி: கோவை முதல் குன்னூர் வரை

சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறி ஊட்டி போய்ச் சேருகிறவர்கள், வழியில் இரண்டு இடங்களில் வண்டி வந்த திசையிலேயே திரும்பி நகர்வதைக் காண்பார்கள். முதலாவது இடம் கோவைச் சந்திப்பு, இரண்டாவது குன்னூர். குன்னூரில் பிறந்து, இப்போது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் வசிக்கும் எனக்கு இவ்விரண்டும் சிறு வயதிலிருந்தே தெரிந்த சங்கதிகள்தாம். ஆனால் இந்த முறை மாமியாரையும் மகளையும் அழைத்துச் சென்றபோது, முதல் தடவை வருகிறவர்களுக்கு இது எவ்வளவு குழப்பமாக இருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், தண்டவாளங்களின் அமைப்பை எப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பதையும் வழியில் கிடைத்த உதவிகளையும் இங்கே எழுதுகிறேன்.

குழப்பத்துக்கு விதை போட்டவர் எங்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர். கோவையில் இறங்கி மேட்டுப்பாளையத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும் என்று அவர் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் வரைக்கும் போகிற வண்டி என்பதால் அப்படி இறங்க வேண்டிய தேவையே கிடையாது. இருந்தாலும் அந்தக் குறிப்பைப் படித்திருந்த மாமியார், கோவையில் வண்டி நின்றதும் பையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராகிவிட்டார். நான் சமாதானப்படுத்தி உட்கார வைத்த சற்று நேரத்தில் வண்டி எதிர்த்திசையில் கிளம்பியது. செல்பேசி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், வண்டியைக் காட்டும் நீலப்புள்ளி வந்த தடத்திலேயே திரும்பிப் போகிறது என்றாள்.

"என்ன மாப்பிள்ளை, மறுபடி மெட்ராஸுக்கே கூட்டிட்டுப் போறானா?" என்றார் மாமியார்.

எதிர் இருக்கையில் இருந்த காரமடைக்காரர் ஒருவர், "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, எஞ்சினை அந்தப் பக்கம் மாத்தியிருக்காங்க. வடகோவை வரைக்கும் வந்த வழிதானுங்க, அங்கிருந்து நம்ம லைன் தனியாப் பிரிஞ்சிடும்" என்று ஒரே மூச்சில் விளக்கிவிட்டார். அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அவர் சொன்னது ஏன் அப்படி அமைந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரையிலான இருப்புப்பாதை 1862இல் முழுமை பெற்றபோது, அது இருகூர், போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்றது. கோவை நகரம் அதற்கு வடக்கே ஒதுங்கி நின்றது. பிறகு 1873இல் போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டார்கள். இருகூரிலிருந்து பீளமேடு வழியாக நகரத்துக்குள் வரும் பாதை, இந்தக் கிளைப்பாதையில் வடகோவை என்னுமிடத்தில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. ஆகவே ஈரோட்டுப் பக்கமிருந்து வருகிற பாதையும் மேட்டுப்பாளையம் போகிற பாதையும், கோவை நிலையத்தின் வடக்கு முனையில்தான் இருக்கின்றன. தெற்கு முனையில் இருப்பது போத்தனூருக்கான வழி. வடக்கிலிருந்து உள்ளே வந்த வண்டி மீண்டும் வடக்கே போக வேண்டுமானால், திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், கோவையைச் சுற்றிய பாதைகள் எல்லாம் தாமாக வரிசைக்கு வந்துவிடுகின்றன. இருகூரில் பிரியும் இரு பாதைகளில் ஒன்று சிங்காநல்லூர் வழியாக நேரே போத்தனூர் போகிறது, மற்றது பீளமேடு, வடகோவை, கோவை என்று நகரத்தைச் சுற்றிக்கொண்டு அதே போத்தனூரை அடைகிறது. சில நெடுந்தூர வண்டிகள் கோவைக்கு வராமல் போத்தனூரோடு போய்விடுவது இதனால்தான். உறவினர் வீடு கோவையில் இருக்கிறது என்று எண்ணி அத்தகைய வண்டியில் பதிவு செய்துவிட்டுத் தவிக்கிறவர்களை நான் அறிவேன். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும் பாதை உண்டு என்பதால், அங்கே நான்கு திசைகள் கூடுகின்றன.

பெரிய சந்திப்பில் நடைமேடையின் முனையில் நின்று அத்தனை தண்டவாளங்களையும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள முயன்றால் தலைதான் சுற்றும். நான் முதலில் பார்ப்பது தண்டவாளத்தின் மேற்பரப்பை. அடிக்கடி வண்டி ஓடும் பாதையின் மேல்முகம் சக்கரம் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மின்னும். எப்போதோ ஒரு முறை பெட்டிகளை நிறுத்திவைக்கும் பாதையில் செம்பழுப்புத் துரு படிந்திருக்கும். அடுத்ததாகப் பாயிண்ட். இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் கூர்மையாகச் செதுக்கிய இரண்டு நாக்குத் தண்டவாளங்கள் இருக்கும். அவற்றுள் எது பக்கத்துத் தண்டவாளத்தோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறது, எது விலகி நிற்கிறது என்று பார்த்தாலே, அடுத்து வரும் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடலாம். பிறகு சிக்னல். சிக்னல் கம்பத்தின் தலையில் ஐந்து வெள்ளை விளக்குகள் ஒரு சாய்கோட்டில் எரிந்தால், வண்டி அந்தச் சாய்வின் பக்கத்துக் கிளைப்பாதைக்குத் திருப்பிவிடப்படுகிறது என்று பொருள். அவை எரியாமல் பச்சையோ மஞ்சளோ மட்டும் தெரிந்தால் நேர்ப்பாதை. இவற்றை நடைமேடையில் நின்றபடியும் மேம்பாலத்திலிருந்தும் பார்ப்பதே போதும், தண்டவாளத்தில் இறங்கக் கூடாது.

பயணிக்கு இதனால் நடைமுறைப் பயன் உண்டா என்று கேட்டால், உண்டு. கோவையில் எஞ்சின் முனை மாறுவதால், சென்னையில் எஞ்சினை அடுத்திருந்த பெட்டி மேட்டுப்பாளையத்தில் கடைசிப் பெட்டியாகப் போய்ச் சேருகிறது. வயதானவர்களை அழைத்துவரச் சொந்தக்காரர்கள் நிலையத்துக்கு வருவதானால், எந்த முனையில் நிற்க வேண்டும் என்பதை இதை வைத்து முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெரிய நிலையங்களில் பெட்டி நிற்கும் இடத்தைக் காட்டும் மின்பலகைகள் இப்போது ஒழுங்காக எரிகின்றன, தமிழ் அறிவிப்பும் தெளிவாகக் காதில் விழுகிறது. சூரிச் தலைமை நிலையத்தின் மேல்தள நடைமேடைகளிலும் வண்டிகள் வந்த வழியேதான் திரும்பும், அதை அங்கே யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. பெட்டி வரிசையை நடைமேடையின் ஏ, பி, சி, டி பகுதிகளோடு பொருத்திக் காட்டும் படம் அங்கே இருக்கும். அப்படி ஒன்றோடு, எந்தெந்தப் பாதை எங்கே போகிறது என்ற எளிய கோட்டுப்படமும் நம் சந்திப்புகளில் மாட்டப்பட்டால் புதியவர்களுக்கு நல்லது.

வடகோவையில் பிரிந்தபின் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று பாதை நேரானது, சொல்வதற்கு அதிகமில்லை. மேட்டுப்பாளையத்தில் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை முடிந்து, 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ் தொடங்குகிறது. தலைக்கு மேல் மின்கம்பி இருந்தால் அகலப்பாதை, வானம் வெறுமையாக இருந்தால் மலைப்பாதை என்று மகள் சொன்ன அடையாளம் சரியாகவே இருந்தது. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் எங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, மாமியாரின் நடைக்கு ஏற்றபடி மெதுவாகவே வந்தார்.

கல்லாற்றுக்கு மேலே, இரு தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் வெட்டிய இரட்டை இரும்புப் பட்டைகள் தோன்றுகின்றன. சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் மறு பட்டையில் பள்ளம் இருக்குமாறு பொருத்தியிருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடுவதில்லை. பன்னிரண்டரை அடி போவதற்குள் ஓரடி உயரும் ஏற்றத்தில் இது இல்லாமல் முடியாது. எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதால், ஓட்டுநருக்கு முன்னே உள்ள பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்காளர் பச்சைக் கொடியை நீட்ட, அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துத் தம் கொடியை நீட்ட, அப்படியே செய்தி எஞ்சினுக்குப் போய்ச் சேருகிறது. இந்த எக்ஸ் வகை எஞ்சின்களுள் பழையவை வின்டர்தூரில் செய்யப்பட்டவை. நான் இன்று குடியிருக்கும் ஊரும் பிறந்த ஊரும் இந்த வகையில் உறவு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

குன்னூரில் பற்பட்டை முடிகிறது. அங்கிருந்து ஊட்டி போக, வண்டி நிலையத்தை விட்டுச் சற்றுத் தூரம் பின்வாங்கி, பாயிண்ட் மாறியபின் வேறு பாதையில் முன்னேறுகிறது. நடைமேடையில் நின்ற மூத்த ஊழியர் ஒருவரிடம், "ஏண்ணா, இப்படியே நேரா மேல கொண்டுபோயிருக்கக் கூடாதா?" என்று மகளுக்காகக் கேட்டேன். "அந்தக் காலத்துல இதுதானே தம்பி கடைசி ஸ்டேஷன். ஊட்டி லைன் அப்புறம்தானே வந்துச்சு" என்றார். அவர் சொன்னது சரி. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது, ஊட்டி வரைக்கும் நீண்டது 1908இல். முடிவிடமாகக் கட்டிய நிலையத்தை ஒட்டி, நீட்டிப்பைப் பக்கவாட்டில் இணைக்க வேண்டியிருந்தது. கோவையில் நடந்த அதே கதைதான் இங்கே சிறிய அளவில். கோவையைவிட இங்கே பார்ப்பது எளிது. நாக்குத் தண்டவாளம் அசைந்து மறுபக்கம் ஒட்டுவதையும், அதன்பின் கொடி அசைவதையும் கண்முன்னே காணலாம்.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு, மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். கோவையில் திசை ஒரு முறை மட்டுமே மாறுவதால், அதுவரை முன்னோக்கி உட்கார்ந்தவர் மீதி வழி முழுக்கப் பின்னோக்கிப் போகிறார். குன்னூரில் பின்வாங்கல் ஒன்று, மீண்டும் முன்னேறுதல் ஒன்று என இரண்டு மாற்றங்கள் நடப்பதால், எல்லோரும் பழைய முகமாகவே ஊட்டி போய்ச் சேர்கிறார்கள். பின்னோக்கி உட்கார்ந்தால் தலைசுற்றும் என்பவர்கள் குன்னூரில் இடம் மாற அவசரப்பட வேண்டாம்.

திரும்பும்போது குன்னூரில் ஏற நினைக்கிறவர்களும் இதைக் கருத்தில் கொள்வது நல்லது. ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டி நேரே நடைமேடைக்கு வராது. பாதைகள் சேரும் இடத்தைத் தாண்டிச் சற்றுக் கீழே போய் நின்று, பின்னோக்கித்தான் நிலையத்துக்குள் நுழையும். வண்டி நிற்காமல் போய்விட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், நின்ற இடத்திலேயே நிற்கலாம்.