என் குரல் கடலைத் தாண்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது

முகத்தில் மாட்டிக்கொண்டு ஆடும் என் குவெஸ்ட் 2 வி.ஆர். ஹெட்செட்டின் இடது கை கன்ட்ரோலரில், நடப்பதற்கான ஸ்டிக்கைப் போன வாரம் மாற்றியாகிவிட்டது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவர், இப்படி ஒரு பொருளை இதுவரை திறந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே பொறுமையாகப் பிரித்து, நான் வரவழைத்திருந்த பாகத்தை வைத்து மூடிக் கொடுத்தார். இப்போது நின்றால் நின்ற இடத்தில் நிற்கிறது. முன்பு ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வேறு கேமில் பரவாயில்லை. அமங் அஸ் வி.ஆர். அப்படியில்லை. விண்கப்பலுக்குள் ஆளுக்கொரு நிறமாக ஆடுவது, நான் மஞ்சள்; நமக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரன் யார் என்று கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு வெளியே தள்ள வேண்டும். அங்கே, இருட்டு நடைபாதையில் உங்கள் பக்கத்தில் நிற்பவரை நோக்கி நீங்கள் மெல்ல மெல்ல நகர்ந்தால் அவர் என்ன நினைப்பார்? அடுத்த கூட்டத்தில் "மஞ்சள் என்னைக் கொல்ல வந்துச்சு" என்று சத்தியம் செய்வார்.

அது தீர்ந்தது. தீராதது ஒன்று இருக்கிறது. ஸ்டிக் சரியான அன்றைக்கே, செய்யாத கொலைக்கு மறுபடியும் என்னை வெளியே தள்ளினார்கள். காரணம் வழக்கமான காரணம்தான்: நான் பதில் சொல்லத் தயங்கினேனாம்.

நடப்பது இதுதான். மெட்பே என்கிற மருத்துவ அறை வாசலில் பச்சை செத்துக் கிடக்கிறது. யாரோ ரிப்போர்ட் அடிக்க, எல்லோரும் கஃபட்டீரியா மேஜையைச் சுற்றிக் கூடுகிறோம். ஊதா என் பக்கம் கையை நீட்டி, "மஞ்சள், நீ எங்க இருந்தே?" என்கிறது. குரலைக் கேட்டால் பள்ளிக்கூடப் பையன். நான் எலெக்ட்ரிக்கல் அறையில் வேலையை முடித்துவிட்டு வந்தவன், கேட்ட உடனே சொல்கிறேன். ஆனால் என் பதில் அவனிடம் போய்ச் சேருவதற்குள் அவன் "ஹலோ? மஞ்சள்?" என்று மறுபடி ஆரம்பித்துவிடுகிறான். அது என் காதில் விழும்போது நான் பாதி வாக்கியத்தில் இருக்கிறேன். பேசுகிறானே என்று நிறுத்துகிறேன். அவனுக்கோ, நான் "எலெக்ட்ரி" வரை சொல்லிவிட்டு மீதியை விழுங்குவதுபோல் கேட்கிறது. அவனும் நிறுத்துகிறான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் மௌனம். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். "யோசிச்சு யோசிச்சுப் பேசுறான் பாரு" என்கிறது சிவப்பு. டேப்லெட்டில் ஓட்டு விழுகிறது. நான் விண்வெளியில் மிதக்கிறேன்.

ஆங்கிலம் சரளமாக வராததால் அப்படி என்று சிலர் சொல்வார்கள். நானும் அதைத்தான் முதலில் பார்க்க நினைத்தேன், நல்லவேளையாக ஒப்பிட ஆள் இருந்தார். அத்தை மகன், பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். புதுச்சேரியில் பாதித் தெருக்காரர்களுக்கு அங்கே சொந்தம் உண்டு, இது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. இந்த ஹெட்செட்டே அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான். மச்சானின் ஆங்கிலம் என்னுடையதைவிட மெதுவானது; நடுவில் பிரெஞ்சு வார்த்தை நுழையும், தேடித் தேடிப் பேசுவார். ஐரோப்பா ஆட்கள் நிறைந்த லாபியில், அதாவது ஆட்டத்துக்கு ஆள் சேரும் இடத்தில், இருவரும் சேர்ந்து ஆடினால் அவரை யாரும் தொடுவதில்லை. அவர் கொலைகாரனாக இருக்கும்போதுகூட நம்புகிறார்கள். பொங்கலுக்கு இங்கே வந்திருந்தபோது எங்கள் வீட்டு வைஃபையில், இதே ஹெட்செட்டில் ஆடினார். அதே லாபி நேரம், அதே ஆங்கிலம், அதே ஆள். முதல் கூட்டத்திலேயே வெளியே போட்டார்கள். அடுத்த ஆட்டத்திலும். "டேய், இவனுங்களுக்கு என்னடா ஆச்சு" என்று ஹெட்செட்டைக் கழற்றினார் பாருங்கள், அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. ஆள் காரணமில்லை. தூரம்தான் காரணம்.

கணக்கைப் பார்த்தால் புரியும். புதுச்சேரியிலிருந்து பாரிஸ் நேர்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியென்றால் ஒரு வார்த்தை போய் அதற்குப் பதில் திரும்பி வரக் குறைந்தது 80 மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டிலா போகிறது? அரபிக் கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றிக்கொண்டு போகிறது. எங்கள் வீட்டில் நல்ல நாளிலேயே பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 150 மில்லிநொடியைத் தாண்டும். அதற்கு மேல் குரலைச் சுருக்கி அனுப்ப, அங்கே சேர்த்து ஒழுங்குபடுத்த என்று இன்னும் கொஞ்சம் போகும்.

இது எவ்வளவு பெரிய தாமதம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வு ஒன்று, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி என்று கண்டது. கண் இமைக்கும் நேரம்தான். அதோடு என் தாமதம் சேர்ந்தால் இடைவெளி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. கேட்பவர் மனதில் உடனே "ஏன் யோசிக்கிறான்?" என்று தோன்றிவிடும். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2014-ல் இதையே சோதித்தார்கள்: தொலைபேசி இணைப்பில் தாமதத்தைக் கூட்டினால், பேசுபவர்கள் இணைப்பைக் குறை சொல்வதில்லை, எதிரில் இருப்பவர் கவனமில்லாதவர் என்று எடை போடுகிறார்கள். சாதாரணப் பேச்சிலேயே இப்படி என்றால், பொய்யனைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கும் ஆட்டத்தில் என்ன ஆகும்?

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலம் மாஃபியா. 1986-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி டேவிடாஃப் உருவாக்கியது. ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து ஆடுவது. அங்கே ஒருவர் தயங்கினால் அந்தத் தயக்கம் அவருடையது. அதை வைத்து அவரைச் சந்தேகப்படுவது நியாயம். இங்கே என் தயக்கத்தில் பாதி என்னுடையதே இல்லை, கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிளுடையது. ஆனால் தண்டனை முழுவதும் எனக்கு.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்களின் திறமை மிகச் சுமார். 2006-ல் பாண்ட், டிபாலோ இருவரும் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 54 விழுக்காடு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். முகத்தைப் பார்த்தும் இந்த லட்சணம் என்றால், குவெஸ்ட் 2-இல் முகமே கிடையாது. கண்ணையோ வாயையோ அது படிப்பதில்லை. தலையும் இரண்டு கைகளும் குரலும் மட்டும்தான் போகின்றன. பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் அந்த அரை நொடியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

என்னால் முடிந்ததைச் செய்து பார்த்துவிட்டேன். எங்கள் வீடு பழைய சுண்ணாம்புக் கட்டடம், சுவரின் அகலத்தில் ஒரு ஆள் உட்காரலாம். கூடத்தில் இருந்த ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளறைக்கு வருவதற்குள் செத்துவிடும். ரவுட்டரையே உள்ளறைக்குக் கொண்டுவந்தேன், அம்மாவுக்குச் சீரியல் நிற்கிறது என்று தனி வருத்தம். புளூடூத் இயர்போனைத் தூக்கிப் போட்டு ஒயர் இயர்போன் மாட்டினேன். இந்த ஒரு மாற்றம் உண்மையிலேயே பலன் தந்தது. புளூடூத் தன் பங்குக்கு நூறு, இருநூறு மில்லிநொடி தின்றுவிடும், பலருக்கு இது தெரிவதில்லை. ஃபேனை அணைத்தேன், மைக் அந்தச் சத்தத்தை வடிகட்டும்போது என் முதல் எழுத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறது என்பதால். புதுச்சேரி மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் அரைக்கிலோ ஹெட்செட்டை முகத்தில் கட்டிக்கொண்டு நிற்பது என்னவென்று கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸில் ஆவி படிகிறது, நெற்றி நுரைப்பஞ்சு நனைகிறது. இவ்வளவும் செய்து கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருந்தால், 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தன. அந்த நாட்களில் நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டு முடிந்துவிடும்.

இவ்வளவு கோபத்தோடும் ஏன் ஆடுகிறேன் என்றால், இந்த ஆட்டம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2022 நவம்பரில் ஷெல் கேம்ஸ் இதை வெளியிட்டபோது, மேலிருந்து பார்க்கும் போன் விளையாட்டை ஆள் உயரத்துக்குக் கொண்டுவந்தால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று பலர் கேட்டார்கள். எல்லாமே மாறுகிறது. போனில் நமக்கு முதுகே கிடையாது. இங்கே முதுகு இருக்கிறது. குனிந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். விளக்கு போய்விட்டால் நடைபாதையில் உண்மையிலேயே பயம் வரும். எதிரில் வருபவர் கையை ஆட்டுகிறார், நானும் ஆட்டுகிறேன், ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நம்பிக்கை உண்டாகிவிடுகிறது. அவரே அடுத்த திருப்பத்தில் என்னைக் கொல்லும்போது ஏற்படும் வருத்தம் போன் விளையாட்டில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஒருநாள் கூட்டத்தில் எதிரில் நின்ற ஆரஞ்சு, யாரோ சொன்னதைக் கேட்டபடி தலையை இடமும் வலமும் மெல்லச் சாய்த்தது. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, "சரி சரி, மேல சொல்லு" என்கிற நம் ஊர் ஆட்டல். கழுத்தே இல்லாத பொம்மை உருவம்தான், ஆனாலும் அந்த ஆட்டல் அப்படியே தெரிந்தது. சட்டென்று, "தமிழா?" என்றேன். ஒரு நொடி அமைதி. "அட, அண்ணே! எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" கிள்ளானில் இருக்கும் மலேசியத் தம்பி. அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. ரெண்டு பேரும் மடமடவென்று பேசினோம். தாமதம் இருந்தது, ஆனால் பாதகமில்லை, தமிழில் "ம்... சொல்லுங்க" என்று இடைவெளியை நிரப்பிக்கொள்ள ரெண்டு பேருக்கும் தெரியும். மற்றவர்கள் விடுவார்களா? "ரெண்டு பேரும் ஏதோ பாஷையில் சதி செய்றாங்க" என்று முதலில் என்னையும், அடுத்த கூட்டத்தில் அந்தத் தம்பியையும் வெளியே தள்ளினார்கள். இருவருமே நல்லவர்கள் பக்கம். வெளியே தள்ளப்பட்டவர்கள் ஆவியாகக் கப்பலில் திரியலாம். அப்படி ஆவியான பிறகு இருவரும் கப்பல் முழுக்கச் சுற்றிக்கொண்டே கதை பேசினோம், என் வி.ஆர். நாட்களிலேயே நல்ல ராத்திரி அதுதான்.

ஆட்டத்தை உருவாக்கியவர்களைத் திட்ட முடியாது. ஒளியின் வேகத்தை அவர்கள் மாற்ற முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம், அதைச் செய்யாததுதான் எனக்கு ஆறாத கோபம். கூட்டம் நடக்கும்போது ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் தெரிகிறதே, அதன் பக்கத்தில் சிறியதாக ஒரு சிக்னல் கோடு போட்டால் போதும். இவருக்குப் பதில் வரத் தாமதமாகும் என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டினால், அந்தப் பள்ளிக்கூடப் பையன் இன்னும் அரை நொடி பொறுப்பான். சுடுதல் விளையாட்டுகளில் பிங் காட்டுவது எத்தனையோ வருடமாக வழக்கத்தில் இருக்கிறது. அங்கே தாமதம் ஒரு குண்டைத் தவறவிடும், அவ்வளவுதான். இங்கே அது ஒரு ஆளைப் பொய்யனாக்குகிறது. இங்கேதான் அது முதலில் வந்திருக்க வேண்டும்.

கடலூரில் இருக்கும் நண்பன் ஒருவன், இந்த ஆட்டத்துக்காக ஹெட்செட் வாங்கலாமா என்று கேட்டிருந்தான். மேலே இத்தனை புகழ்ந்த பிறகும் என் பதில்: வாங்காதே. முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவதற்காக நிச்சயமாக வாங்காதே. மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பினாலும் உன் குரல் அதே கடலைத்தான் தாண்ட வேண்டும். கணினியில் ஹெட்செட் இல்லாமல் ஆடும் 3டி பதிப்பு 2025-ல் வந்துவிட்டது, அதைப் போட்டுப் பார். நம் ஊர் ஆட்களாக ஆறேழு பேர் சேர்ந்தால் அப்போது பேசலாம், அந்தக் கூட்டத்தில் நானே முதல் ஆளாக வருவேன். அதையும் மீறி வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்: குவெஸ்ட் 3எஸ்-இல் இயர்போன் மாட்டும் துளை கிடையாது. குவெஸ்ட் 2-இலும் 3-இலும் இருக்கிறது. 3எஸ் வாங்கினால் சி-டைப் இயர்போன் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடு, புளூடூத் மட்டும் வேண்டாம்.