சத்துவாச்சாரி கார் ஆடியோ பட்டறை: அளந்து பார்த்த பிறகே இணைக்கிறார்கள்

வேலூர் கிரீன் சர்க்கிளிலிருந்து சத்துவாச்சாரி போகும் சர்வீஸ் சாலையில், ஒரு டிங்கரிங் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கார் ஆடியோ பட்டறைக்கு நான் புதிதாக எதையும் வாங்கப் போகவில்லை. வேறொரு கடையில் பொருத்திய சப்வூஃபர் (பேஸ் எனும் கீழ் ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) அரை மணி நேரத்துக்கு மேல் பாட மறுத்ததால்தான் போனேன். ஆம்பூர் பக்கம் போகும்போதெல்லாம் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை நெருங்கும் நேரத்தில் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரியும், பேஸ் அடங்கிவிடும், வண்டியை நிழலில் நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடியும் பாடும். கத்திரி வெயில்தான் காரணம் என்று பொருத்தியவர்கள் சொன்னார்கள். வேலூர்க்காரன் என்பதால் நானும் நம்பிவிட்டேன்.

பட்டறைக்காரர் பாட்டைப் போடச் சொல்லவில்லை. டிக்கியைத் திறந்து, சப்வூஃபரின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை எடுத்தார். என்னுடையது 12 அங்குல இரட்டைச் சுருள் சப்வூஃபர். ஒவ்வொரு வாய்ஸ் காயிலும், அதாவது ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளும், 4 ஓம் மின்தடை கொண்டது. மீட்டரில் இரண்டுமே 3.4 என்று காட்டின. பெயரளவு 4 ஓம் உள்ள சுருளின் நேர்மின்தடை எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால், சுருள்கள் கருகவில்லை என்று அந்த எண்ணிலிருந்தே தெரிந்துவிட்டது. அடுத்து ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல்லை எடுத்து, ஒவ்வொரு சுருளின் முனையிலும் ஒரு கணம் தொட்டுக் காட்டினார். பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் கூம்பு மெல்ல வெளியே எழும்பும். மாற்றித் தொட்டால் உள்ளே அமுங்கும். ஒரு சுருளை மட்டும் தலைகீழாக இணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பேஸே வராது. அந்தப் பிழை என் வண்டியில் இல்லை.

இருந்த பிழை வேறு. முந்தைய கடையில் இரண்டு சுருள்களையும் பக்க இணைப்பில் சேர்த்து 2 ஓமாக்கி, அதை நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரின் பின் இரண்டு சேனல்களைப் பிரிட்ஜ் செய்த (ஒன்றாகச் சேர்த்த) முனைகளில் கொடுத்திருந்தார்கள். அப்படிப் பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று ஆம்ப்ளிஃபயரின் அடிப்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிக மின்சாரத்தைத் தள்ள வேண்டும்; பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் இணைத்த ஓமில் பாதியைத்தான் காணும். ஆகவே 2 ஓம் தாங்கும் சேனல்கள் ஒவ்வொன்றும் 1 ஓமோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. “வெயில் என்ன பண்ணும் தம்பி, நாலு ஓம் கேக்குற எடத்துல ரெண்டு ஓம் குடுத்தா அது சூடாகாம என்ன செய்யும்?” என்றார்.

இந்த இடத்தில் புதிய ஆம்ப்ளிஃபயரை என் தலையில் கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், செலவே இல்லாத வழியை முதலில் காட்டினார். சுருள்களைத் தொடரிணைப்பில் போட்டால் 8 ஓம், ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்தில்லை. 4 ஓமில் 200 வாட் தரும் என்றால் 8 ஓமில் ஏறக்குறைய 100 வாட்தான் வரும், ஆனால் வாட் பாதியானால் ஒலி பாதியாகிவிடாது, 3 டெசிபல்தான் குறையும் என்று விளக்கி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். அந்த ஒரு வாரமும் சிவப்பு விளக்கு எரியவில்லை. தவிலின் தொப்பிப் பக்கம் மட்டும் எனக்குப் போதவில்லை. அந்த ஆசைக்காகத்தான், பக்க இணைப்பில் வரும் அதே 2 ஓமைத் தாங்கி 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) தரும் கிளாஸ் டி (குறைவாகச் சூடாகும் வகை) மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்ளிஃபயரை வாங்கினேன். சப்வூஃபரும் 300 வாட் ஆர்.எம்.எஸ். தாங்குவதுதான். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1200 வாட்டை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பழைய நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் இப்போது கதவு ஸ்பீக்கர்களுக்கு மட்டும் வேலை செய்கிறது.

ஒயரிங்கை அவர் முழுவதும் புதிதாகவே செய்தார். பழைய மின் கேபிளின் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக அலுமினியம் பளபளத்தது. செம்பு பூசிய அலுமினியம் அதே தடிமனில் செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். அதைவிட மோசம், ஃபியூஸைப் பேட்டரியை விட்டுவிட்டு டிக்கியில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்திருந்தது. ஃபியூஸ் காப்பது கேபிளை. வழியில் எங்காவது உறை தேய்ந்து பாடியைத் தொட்டால், டிக்கியில் இருக்கும் ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். 4 கேஜ் தடிமனுள்ள புதிய செம்புக் கேபிளில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி 60 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தார். எர்த் ஒயருக்காக டிக்கியின் தரைத் தகட்டில் பெயின்டைச் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரிந்த பிறகே ஒயர் முனையின் லக்கை (உலோக வளையத்தை) முடுக்கினார். முன்பு பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முனையில் 12.1 வோல்ட்தான் வந்தது, இப்போது 13.6 வருகிறது. மின் கேபிளை இடப்பக்கமும், ஸ்டீரியோவிலிருந்து ஒலி சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரை வலப்பக்கமும் கொண்டுபோனதால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கேட்ட கீச்சொலியும் நின்றுவிட்டது.

கெயினையும், அதாவது ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகையும், காதால் கேட்டு வைக்கவில்லை. சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் அளவு ஒலியில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 24.5 வோல்ட் வரும்வரை திருப்பி நிறுத்தினார். 300 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது. கெயின் என்பது இன்னொரு வால்யூம் திருகு என்று நினைத்துக் கடைசிவரை திருப்பிவிட்டால் அலையின் முகடு வெட்டுப்பட்டு, வாட் சரியாகப் பொருந்திய சப்வூஃபர்கூடக் கருகிவிடும். கீழ் ஒலிகளைப் பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்தார். என் கதவு ஸ்பீக்கர்களுக்கு அது சரியாக ஒத்துப்போகிறது.

குறைகளும் உண்டு. ஒரே நாளில் முடியும் என்று சொன்ன வேலை இரண்டரை நாள் இழுத்தது. நடுவில் ஒருமுறை, வண்டியை உள்ளேயே பூட்டி வைத்துவிட்டுக் காட்பாடியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். பில்லில் கேபிள், ஃபியூஸ் ஹோல்டர், கூலி எல்லாவற்றையும் ஒரே தொகையாகத்தான் எழுதுகிறார்கள். பிரித்துக் கேட்டபோது முகம் சற்று மாறியது. ஒயரிங் படம் கேட்டதற்கு அந்தப் பில்லின் பின்பக்கத்திலேயே பென்சிலால் வரைந்து கொடுத்தார். அதை டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். பின் நம்பர் பிளேட் இப்போது பேஸுக்கு ஏற்பத் தாளம் போடுகிறது. அடுத்த முறை வரும்போது ஃபோம் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.