கொழுந்தை எங்கே போடுவது: கூட்டுறவு ஆலையா, தனியார் ஆலையா?

நீலகிரியில் ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்துக்கு, உழைப்பைப் போலவே கொழுந்து போகும் ஆலையும் முக்கியம். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச விலை இரண்டுக்கும் பொது. வித்தியாசம் தராசில் தொடங்குகிறது.

தனியார் ஆலைக்காகக் கொழுந்து வாங்கும் ஏஜென்ட் கிலோ 21 ரூபாய், கூட்டுறவு 20 ரூபாய் என்று வையுங்கள். மழை நாளில் 100 கிலோவுக்கு ஏஜென்ட் ஈரக் கழிவாக 10 கிலோ பிடித்தால் கைக்கு வருவது 1,890 ரூபாய். கூட்டுறவில் 4 கிலோ பிடித்தாலும் 1,920. ரசீதில் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

உரத்துக்கும் கவாத்து (செடியை வெட்டிவிடும்) கூலிக்கும் தனியாரிடம் முன்பணம் உடனே கிடைக்கும். அது தீரும்வரை வேறு ஆலைக்கு மாறுவது கடினம்.

1965-ல் தொடங்கிய, கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வின் கீழுள்ள கூட்டுறவு ஆலைகளில் உறுப்பினருக்குப் பங்கும் ஓட்டும் உண்டு. ஏலத்தில் விலை சரிந்தால் பட்டுவாடா தள்ளிப்போகலாம். அதைவிடப் பெரிய சிக்கல், பட்டாவும் உறுப்பினர் எண்ணும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடப்பது. கொழுந்து பறிப்பவர் மருமகள். ஆலையில் அவருக்குப் பேச இடமில்லை. இது நியாயமே இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருந்தால், கூட்டுறவே மேல்.