மானியம் நின்ற பிறகு அமெரிக்காவில் பழைய ஷெவி போல்ட்: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிவது

மின்சாரக் காருக்கு அமெரிக்க மத்திய அரசு தந்த வரிச்சலுகை (புதுக் காருக்கு 7,500 டாலர் வரை, பழையதற்கு 4,000 வரை) 2025 செப்டம்பர் 30-உடன் நின்றது. கெடு முடியுமுன் வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த காலாண்டில் விற்பனை சரிந்தது. இனி இந்தச் சந்தையைத் தாங்கப்போவது வீட்டில் சார்ஜ் போட வசதியுள்ளவர்கள்தான். அவர்களுக்கு இன்றும் கட்டுப்படியாகும் கார், ஷெவர்லேயின் மின்சாரக் காரான பழைய போல்ட்.

வாங்குமுன் ரீகால் நிலையைப் பாருங்கள். 2017 முதல் 2022 வரையிலான எல்லா போல்ட்டும் தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை. பேட்டரியின் ஒரே செல்லில் ஆனோட் (எதிர் மின்முனை) இணைப்புத் தகடு கிழிந்து, மின்முனைகளைப் பிரிக்கும் படலமும் மடிந்திருந்ததே காரணம். பேட்டரி மாற்றப்பட்டதா, மென்பொருள் மட்டும் ஏற்றப்பட்டதா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி புதிதாகத் தொடங்கும். அதனால் பேட்டரி மாறிய 2017 காரே சில சமயம் நல்ல பேரம்.

அதிகம் கோட்டைவிடும் இடம் வயரிங். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் போல்ட் தானாக 8 ஆம்ப்தான் இழுக்கும். அந்த லைனில் வேறு எதுவும் ஓடாவிட்டால் மட்டும் திரையில் 12-க்கு மாற்றுங்கள். அப்போதும் மணிக்கு நாலைந்து மைல்தான் ஏறும். 240 வோல்ட்டில், சார்ஜர் இழுப்பதைப்போல் 1.25 மடங்கு பிரேக்கர் வேண்டும்: 32 ஆம்புக்கு 40, 48 ஆம்புக்கு 60. வீடுகளில் வழக்கமாக இழுக்கும் 6 கேஜ் (தடிமன் அளவு) செம்பு ரோமெக்ஸ் கேபிள் 55 ஆம்ப்தான் தாங்கும் என்பதால் 48 ஆம்ப் சார்ஜருக்கு அது கூடாது. நெமா 14-50 என்ற 240 வோல்ட் சாக்கெட்டில் மலிவானதையும் தவிருங்கள். அடுப்புக்கென்று செய்த அதன் மெல்லிய தகடுகள் இரவெல்லாம் ஓடும் மின்சாரத்தில் சூடேறும். திருகும் சரியாக முறுக்கப்படாவிட்டால் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். சார்ஜரை நேராக வயரோடு இணைப்பதே நல்லது. வீட்டு மின் பேனல் 100 ஆம்ப்தான் என்றால் பயப்பட வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் லோடு கணக்குப் போட்டு சார்ஜரை 24 ஆம்பில் வைத்தாலே, எட்டு மணி நேரத்தில் 150 மைல் ஏறிவிடும்.

குளிர் மாநிலங்களில் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) நன்றாகவே குறையும். போல்ட்டில் குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப் இல்லை, ஹீட்டர் முழுக்க பேட்டரியைத்தான் தின்னும். பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்குங்கள், பிறகு சீட் ஹீட்டரால் சமாளியுங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக்குக்கு வேலை குறைவு; சாலையில் உப்பு தூவும் ஊர்களில் அது தேயாது, துருப்பிடிக்கும். வருடம் ஒருமுறை பிரேக்கின் காலிப்பர் பின்களைச் சுத்தம்செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். சிறிய 12 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் திரையில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். பெரிய பேட்டரியைச் சந்தேகிக்குமுன் இந்தச் சிறியதைச் சோதியுங்கள்.

வழியில் உள்ள டிசி வேகச் சார்ஜரில் போல்ட் ஏற்றும் வேகம் 55 கிலோவாட்தான், நெடும்பயணத்துக்குப் பொறுமை வேண்டும்.

நூறு மைலுக்குச் சுமார் 28 யூனிட். வீட்டில் யூனிட் 17 சென்ட் என்றால் 5 டாலருக்குள் முடியும். வெளியே சார்ஜ் போட்டு யூனிட் 50 சென்ட் என்றால் 14 டாலர். நல்ல பெட்ரோல் ஹைப்ரிட் கார் அதைவிட மலிவு. வீட்டில் சார்ஜ் போட முடியாத அபார்ட்மென்ட்வாசிகள் தயங்குவது நியாயமே. 2027 மாடலாகத் திரும்பும் போல்ட், டெஸ்லா வகை போர்ட்டும் 150 கிலோவாட் வேகமுமாக 30,000 டாலருக்குள் வந்தாலும், வீட்டில் பிளக் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு மாறாது.